கன்சோல் வேகம் தெரியாத ஸ்விட்ச்

நெட்வொர்க் ஸ்விட்சில் மற்ற போர்ட்டுகளிலிருந்து சற்று விலகி, பெரும்பாலும் நீலக் கோடு போட்டுத் தனியாக இருக்கும் துளைதான் கன்சோல் போர்ட். ஐபி முகவரி தெரியாவிட்டாலும், நெட்வொர்க்கே படுத்துவிட்டாலும், ஸ்விட்சுடன் நேரடியாகப் பேச அந்த வழி மிஞ்சும். அதில் ஓடுவது ஈதர்நெட் அல்ல. அமெரிக்காவில் 1960-ல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்னும் சீரியல் முறை. ஈதர்நெட்டில் இரு முனைகளும் தாமே கலந்து பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ளும். சீரியலுக்கு அந்த வழக்கம் கிடையாது. வேகம் என்ன, ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டா எட்டா, பாரிட்டி உண்டா இல்லையா, ஸ்டாப் பிட் எத்தனை என்பவை இரு பக்கமும் முன்பே ஒத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் பக்கம் என்ன வைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது, அதைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது.

சூளூர்பேட்டைப் பக்கம் இந்த வேலைக்குக் குறைவில்லை. புலிகாட் ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971-ல் முதல் ராக்கெட் பறந்த நாளிலிருந்தே ஊர் வளர்ந்துவருகிறது. தடாவை ஒட்டி 2008-ல் ஸ்ரீசிட்டி வந்த பிறகு தொழிற்சாலைகளும் அவற்றை நம்பிய சிறு நிறுவனங்களும் பெருகின. பெரிய இடங்களுக்குத் தனி ஐடி பிரிவு உண்டு. லாட்ஜ், தனியார் கல்லூரி, நர்சிங் ஹோம், இறால் வியாபார அலுவலகம் போன்ற இடங்களில் அது கிடையாது. அங்கே ரேக்கில் இருப்பது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் புறநகர் ரயிலில் கொண்டுவந்தது. அதற்கு முன் எந்த அலுவலகத்தில் ஓடியது, யார் எதை மாற்றினார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் வராது. ஏ.எம்.சி. என்னும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போதும் இதே கதைதான். சாவி கைமாறும், குறிப்பேடு கைமாறாது.

வேகம் மாறிக் கிடப்பதற்கு அடிக்கடி காணும் காரணம் அவசரம். ஸ்விட்சின் ஃபிளாஷில் உள்ள மென்பொருள் கெட்டுப்போனால், கன்சோல் வழியாகவே எக்ஸ்மோடம் முறையில் புதிய கோப்பை ஏற்றுவதுண்டு. 9600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துதான் போகும், 15 எம்.பி. கோப்பு ஏறி முடிய நாலேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 115200 வைத்தால் அதே கோப்பு அரை மணிக்குள் ஏறிவிடும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகைகளில் இதற்காகப் பூட்லோடரில் 'செட் பாட் 115200' என்று கொடுப்பார்கள். ஏற்றி முடித்ததும் 'அன்செட் பாட்' கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். செத்துக் கிடந்த ஸ்விட்ச் நள்ளிரவில் எழுந்துவிட்ட நிம்மதியில் அந்த இரண்டாவது கட்டளை விட்டுப்போகும். இரண்டு வருடம் கழித்து அதே ரேக்குக்கு வருகிறவருக்கு 9600-ல் புரியாத குறிகள்தான் கிடைக்கும்.

இந்த வேலையில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக். ஸ்விட்சில் இப்போது நடப்பில் இருக்கும் அமைப்பு வேறு, ஃபிளாஷில் சேமித்த அமைப்பு வேறு. யாரோ ஒரு விஎல்ஏஎன் சேர்த்துவிட்டுச் சேமிக்காமல் போயிருந்தால், மின்சாரத்தைப் பிடுங்கிய கணம் அது காற்றோடு போய்விடும். மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரும் ஆய்வகமும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஆஃப் செய்து ஆன் செய்வது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். வந்தவுடன் பவர் கேபிளில் கை வைப்பவரை ரேக் அருகில் விடாமல் இருப்பதே நல்லது.

தொடாமல் தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய உண்டு. ரேக்கில் பக்கத்து ஸ்விட்சுக்குள் நுழைய முடிந்தால், 'ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீட்டெயில்' அல்லது அதற்கு இணையான எல்எல்டிபி கட்டளை, மறுமுனையில் இருக்கும் ஸ்விட்சின் தயாரிப்பாளர், மாடல், மென்பொருள் பதிப்பு, பல நேரம் ஐபி முகவரி வரை சொல்லிவிடும். அந்த முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் திறந்திருந்து பாஸ்வேர்டும் தெரிந்திருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. கேட்டலிஸ்டில் 'ஷோ லைன் கன்சோல் 0' என்றால் கன்சோலின் வேகம் வந்து நிற்கும். அந்த வசதி இல்லாவிட்டாலும் மாடல் எண் தெரிந்தாலே பாதி வேலை குறையும். சிஸ்கோ, ஜூனிப்பர் இஎக்ஸ், அரிஸ்டா ஆகியவை தொழிற்சாலையிலிருந்து 9600-ல் வருபவை. பழைய த்ரீகாம் சூப்பர்ஸ்டாக் 3 வகைகளில் 19200. டிபி-லிங்க் ஜெட்ஸ்ட்ரீம் மாடல்கள் பலவற்றில் 38400. மைக்ரோடிக், அருபா சிஎக்ஸ் போன்றவை 115200. எச்பி புரோகர்வ் வகைகள் எந்த வேகத்தில் பேசுகிறோம் என்று தாமே கண்டுகொள்ளும். என்டரை இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். புரோகர்வ் முன்னால் உட்கார்ந்து வேகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் உழைப்பு.

அடுத்தது கேபிள். செட்டிங் தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் போராடிய பல இடங்களில் குற்றவாளி கேபிளாகவோ போர்ட்டாகவோ இருந்திருக்கிறது. இந்தக் கடலோரத்தில் அது இன்னும் அதிகம். ஏரியின் உப்புக் காற்று ஜன்னல் வழியாக வந்து, ஏசி இல்லாத ரேக்குகளில் ஆர்ஜே-45 துளைக்குள் உள்ள ஊசிகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். தினமும் பயன்படும் போர்ட்டில் பிளக் அடைத்துக்கொண்டிருப்பதால் ஊசி ஓரளவு தப்பிக்கும். கன்சோல் போர்ட் வருடக்கணக்கில் திறந்து கிடப்பதால் அங்கேதான் முதலில் அரிக்கும். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காய விட்டு, பிளக்கை நாலைந்து தடவை சொருகி எடுத்தால் பெரும்பாலும் தொடர்பு கிடைத்துவிடும்.

சிஸ்கோ பாணிக் கன்சோல் போர்ட்டில் மூன்றாம் ஊசி ஸ்விட்ச் அனுப்பும் வழி, ஆறாம் ஊசி வாங்கும் வழி, நான்கும் ஐந்தும் கிரவுண்டு. பல தயாரிப்பாளர்கள் இதையே பின்பற்றுகிறார்கள், எல்லோரும் அல்ல. சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரே சொல்லிவிடும். ஒரு முனையில் பிளக் உள்ள சாதாரண லேன் கேபிளின் மறுமுனையை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் பிரித்து வைத்து, பிளக்கைக் கன்சோலில் சொருக வேண்டும். வழக்கமான பி வரிசையில் கிரிம்ப் செய்த கேபிளானால் நீலக் கம்பியும் வெள்ளை-நீலமும் கிரவுண்டு. மீட்டரின் கறுப்பு முனையை நீலத்தில் வைத்து, சிவப்பு முனையால் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனால் வெள்ளை-பச்சையில் மைனஸ் ஐந்தாறு வோல்ட் காட்டும். ஆர்எஸ்-232-ல் சும்மா இருக்கும் தரவுக் கம்பி எப்போதும் மைனஸில்தான் நிற்கும். ஆகவே எந்தக் கம்பி மைனஸ் காட்டுகிறதோ அதுவே பெரும்பாலும் ஸ்விட்ச் பேசும் கம்பி. எந்தக் கம்பியிலும் மைனஸ் இல்லை, எல்லாம் பூஜ்யம் என்றால், வடகிழக்குப் பருவமழையின் இடியில் கன்சோலின் டிரைவர் சிப் போயிருக்கக்கூடும். போர்ட்டுகள் எல்லாம் ஓடும், கன்சோல் மட்டும் செத்திருக்கும். அப்போது எந்த வேகம் வைத்தாலும் பயனில்லை என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே அறிந்துகொள்ளலாம். இந்தச் சோதனையைப் பலரும் தவிர்ப்பது வருத்தத்துக்குரியது.

சில விலை குறைந்த ஸ்விட்சுகளில் வெளியே கன்சோல் துளையே இருக்காது. மூடியைத் திறந்தால் போர்டில் நாலு ஊசி நிற்கும். அங்கே ஓடுவது ஆர்எஸ்-232 அல்ல, 3.3 வோல்ட் சிக்னல். சும்மா இருக்கும்போது பிளஸ் 3.3-ல் நிற்கும். அதில் சாதாரணக் கன்சோல் கேபிளை நேராக இணைத்தால் மெயின் சிப்பே எரிந்துபோகலாம். 3.3 வோல்ட்டுக்கான தனி அடாப்டர் வேண்டும். அதே ரேக்கில் யூபிஎஸ்ஸின் சீரியல் போர்ட் இருந்தால் அங்கேயும் கவனம் தேவை. சில யூபிஎஸ்களில் ஊசி வரிசை வேறு. சாதாரண சீரியல் கேபிளைச் சொருகியதும் மொத்த லோடையும் அணைத்துவிடும்.

லேப்டாப் பக்கம் இப்போது யூஎஸ்பி அடாப்டர்தான். எஃப்டிடிஐ, புரோலிஃபிக், சிஹெச்340 ஆகிய சிப்புகளில் ஒன்றே பெரும்பாலும் உள்ளே இருக்கும். போலி சிப்புகள் சந்தையில் தாராளமாக உலவுவதால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் ஸ்விட்சைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்பது ஊசி முனையில் இரண்டையும் மூன்றையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டுத் தட்டச்சு செய்தால், அடித்தது அப்படியே திரையில் வரும்; வந்தால் அடாப்டரும் டிரைவரும் நலம். வேகம் சரியா என்பதற்கு இது சான்று ஆகாது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சிப் என்பதால் எந்த வேகத்திலும் இது வேலை செய்யும்.

இதெல்லாம் சரியென்று தெரிந்த பிறகே வேகத்தைத் தேட வேண்டும். தேட வேண்டிய பரப்பு சிறியது. ஐபிஎம் பிசியின் சீரியல் சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம் வைத்தார்கள். அதைப் பதினாறால் வகுத்தால் 115200. அதை 2, 3, 6, 12 என்று வகுத்தால் முறையே 57600, 38400, 19200, 9600. ஸ்விட்ச் தயாரிப்பாளர்கள் இந்த ஐந்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். 4800, 2400 போன்றவை மிகப் பழைய கருவிகளில் மட்டும்.

புதியவர்கள் ஒவ்வொரு வேகத்திலும் என்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதில் ஒரு குறை உண்டு. வேகம் தவறாக இருந்தால் என்டர் என்டராகவே ஸ்விட்சைச் சேராது. சேராததால் பதில் வராது. பதில் இல்லாததால் கேபிள் தவறோ என்ற குழப்பம் வரும். ஸ்விட்சைத் தானாகப் பேச வைப்பதே நல்ல வழி. அதற்கு ரீபூட் தேவையில்லை. காலியாக இருக்கும் ஒரு சாதாரண போர்ட்டில் இன்னொரு லேப்டாப்பின் லேன் கேபிளைச் சொருகி எடுத்தால் போதும். லிங்க் வந்தது, போனது என்று பல ஸ்விட்சுகள் கன்சோலில் செய்தி அனுப்பும். சிஸ்கோவில் யாரும் நிறுத்தி வைக்காதவரை இது தானாகவே நடக்கும். ஒவ்வொரு சொருகலுக்கும் ஒரு வரியாவது வரும். ஓடும் வேலை எதையும் தொடாமல், வேண்டும்போதெல்லாம் ஸ்விட்சின் குரலைக் கேட்க முடிகிறது. இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள உத்தி இன்னொன்று இல்லை.

அப்படி வரும் குறிகளைப் படிக்கவும் முடியும். ஸ்விட்ச் 115200-ல் பேச, லேப்டாப் 9600-ல் கேட்டால், ஸ்விட்சின் பன்னிரண்டு எழுத்துகள் நேரக் கணக்கில் லேப்டாப்பின் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும். முழுநீளச் செய்தி வரவேண்டிய இடத்தில் ஐந்தாறு விநோதக் குறிகள் மட்டும் விழும். செய்தியின் நீளத்துக்கு மிகக் குறைவாக வந்தால், லேப்டாப்பின் வேகத்தை உயர்த்த வேண்டும். மாறாக, ஸ்விட்ச் 9600-ல் பேச லேப்டாப் 115200-ல் கேட்டால், ஸ்விட்சின் ஒரு பிட்டே 104 மைக்ரோவிநாடி நீளம். லேப்டாப்புக்கு ஒரு முழு எழுத்தே 87 மைக்ரோவிநாடிதான். வந்து விழுபவை வெற்று பூஜ்யங்கள். டெர்மினல் அவற்றைக் காட்டாமலே விட்டுவிடலாம். திரை காலியாக இருக்க, அடாப்டரின் விளக்கு மட்டும் மின்னினால், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள். திரையும் காலி, விளக்கும் மின்னவில்லை என்றால் மறுபடி கேபிளுக்குத்தான் போக வேண்டும்.

வழக்கத்துக்கு மாறான வேகம் என்று சந்தேகம் வந்தால் ஆசிலாஸ்கோப் அல்லது சிறிய லாஜிக் அனலைசர் உதவும். வந்த அலையில் மிகக் குறுகிய துடிப்பின் அகலத்தை அளக்க வேண்டும். 104 மைக்ரோவிநாடி என்றால் 9600, 52 என்றால் 19200, 26 என்றால் 38400, 17 என்றால் 57600, 9-க்குச் சற்றுக் குறைவு என்றால் 115200. லாஜிக் அனலைசருக்கு ஆர்எஸ்-232-ன் மைனஸ் வோல்ட் ஆகாது. நடுவில் வோல்ட்டை மாற்றும் சிறு போர்டு வைத்தே இணைக்க வேண்டும். ஓரிரு செய்திகளிலேயே விடை கிடைத்துவிடும்.

வேகம் பொருந்தியும் எழுத்து பாதி சரியாக, பாதி தவறாக வந்தால் பாரிட்டியைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. ஸ்விட்ச் ஏழு பிட், இரட்டைப் பாரிட்டியில் பேச, லேப்டாப் எட்டு பிட், பாரிட்டி இல்லாமல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது இடத்தில் பாரிட்டி பிட் வந்து உட்கார்ந்துவிடும். இரட்டைப்படையில் ஒன்றுகள் உள்ள எழுத்துக்கு அது பூஜ்யம். எழுத்து பிசகாமல் வரும். ஒற்றைப்படையானால் அது ஒன்று, எழுத்து வேறாகிவிடும். பெரிய 'எஸ்'ஸில் தொடங்கும் 'ஸ்விட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துகளில் முதல் ஐந்துக்கும் ஒன்றுகள் இரட்டைப்படை. கடைசி எழுத்தான 'ஹெச்'சுக்கு மட்டும் மூன்று. ஆகவே, பழைய லத்தீன் குறிமுறையில் காட்டும் டெர்மினலில் ஐந்து எழுத்துகள் சுத்தமாக வந்து, 'ஹெச்' இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு 'ஈ' நிற்கும். இந்தக் காட்சியைக் கண்டால் வேகத்தைத் தொடவே கூடாது. ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி என்று மாற்றினால் தீர்ந்தது. சரியான எழுத்துகளும் தவறான எழுத்துகளும் இடம் மாறி வந்தால் ஒற்றைப் பாரிட்டி. ஸ்டாப் பிட் ஒன்றா இரண்டா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை; ஸ்விட்ச் இரண்டு அனுப்பினாலும் ஒன்று எதிர்பார்க்கும் லேப்டாப் படித்துவிடும்.

செய்தி அழகாக வருகிறது, ஆனால் தட்டும் எழுத்து எதுவும் போகவில்லை என்பது அடுத்த வகை. இதற்குப் பெரும்பாலும் ஃப்ளோ கன்ட்ரோல் காரணம். ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருந்தால், மறுமுனை கைகாட்டும்வரை லேப்டாப் ஓர் எழுத்தையும் அனுப்பாது. மூன்று கம்பிக் கேபிளில் அந்தக் கைகாட்டல் வரவே வராது. புட்டி என்னும் டெர்மினல் நிரலில் தானாக அமைந்திருப்பது எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் முறை. யாராவது தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருந்தால் திரை உறைந்து நிற்கும், கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் விடுபடும். இரண்டையும் அணைத்து 'நன்' என்று வைப்பதே ஸ்விட்ச் வேலைக்கு உகந்தது. கேட்டலிஸ்ட் 2960-எஸ், 3750-எக்ஸ் போன்ற மாடல்களில் இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் ஆர்ஜே-45 கன்சோலோடு மினி யூஎஸ்பி கன்சோலும் இருக்கிறது. செய்தி இரண்டிலும் வெளியே வரும். தட்டச்சை மட்டும் ஒன்றிலிருந்துதான் வாங்கும், யூஎஸ்பிக்கே முன்னுரிமை. முன்பு வந்தவரின் யூஎஸ்பி கேபிள் மறுமுனையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்து கிடந்தால், நீலக் கேபிளில் அடிக்கும் எழுத்து ஒன்றும் ஏறாது. அதைப் பிடுங்கினால் சரியாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வழி பிறக்காவிட்டால், நிர்வாகத்திடம் நேரம் கேட்டு ரீபூட் செய்யலாம். மழை நாட்களில் மின்வெட்டு அடிக்கடி இருக்கும் என்பதால் யூபிஎஸ் பேட்டரியையும் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ரீபூட்டின்போது நிறைய செய்தி ஒரே ஓட்டமாக வருவதால் வேகத்தைக் கண்டுகொள்ளச் சுலபம். பூட்லோடர் ஒரு வேகத்திலும் அதற்குப் பின் எழும் மென்பொருள் இன்னொரு வேகத்திலும் பேசுவதுண்டு. முதல் சில வரிகள் தெளிவாக வந்து நடுவில் குழம்பினால், அல்லது குழப்பத்தில் தொடங்கித் தெளிந்தால், அதுதான் விஷயம். இரண்டு வேகங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் அடிப்படையிலான சில கருவிகளில் லாகின் நிரலுக்குப் பல வேகங்களை வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். பிரேக் சிக்னல் ஒவ்வொரு முறை போகும்போதும் அது அடுத்த வேகத்துக்கு மாறும்.

வேகம் தெரிந்தும் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் அது வேறு பிரச்சினை. கேட்டலிஸ்டில் மின்சாரத்தை நிறுத்தி, மோட் பட்டனை அழுத்திக்கொண்டே திரும்பக் கொடுத்தால் பூட்லோடரில் நிற்கும். 'ஃபிளாஷ்_இனிட்' கொடுத்து, 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' கோப்புக்கு வேறு பெயரிட்டுப் பூட் செய்தால், கான்ஃபிக் அழியாமலே உள்ளே போகலாம். 'நோ சர்வீஸ் பாஸ்வேர்டு-ரெக்கவரி' என்று யாராவது போட்டிருந்தால் மட்டும் கான்ஃபிக்கை இழந்துதான் தீர வேண்டும். புரோகர்வில் கிளியர் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் பாஸ்வேர்டு போகும், ஸ்விட்ச் ஓடிக்கொண்டே இருக்கும். ரீசெட்டையும் சேர்த்து அழுத்தும் முறையில் எல்லாம் போய்விடும். ஓடும் கேட்டலிஸ்டில் மோட் பட்டனை நீண்ட நேரம் அழுத்துவதும் கான்ஃபிக்கை அழித்து ரீபூட் செய்ய வைக்கலாம். 3650, 3850 வகைகளின் 48 போர்ட் மாடல்களில் கேபிளின் ரப்பர் உறையே இந்தப் பட்டனை அழுத்திவிடக்கூடும் என்று சிஸ்கோ நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே பட்டன் எது என்று விரலால் தடவித் தேடக் கூடாது.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, ஓடும் கான்ஃபிக்கை முழுவதுமாகத் திரையில் ஓடவிட்டு லேப்டாப்பில் ஒரு கோப்பாகப் பிடித்துக்கொள்வது. வேகத்தைத் திருத்துவது அதற்குப் பிறகுதான். 'லைன் கன்சோல் 0'-க்குள் போய் 'ஸ்பீட் 9600' என்று என்டர் தட்டியதும் மாற்றம் அப்போதே நடக்கும். திரை மறுபடி குழம்பும். பதறாமல் லேப்டாப்பையும் 9600-க்குக் கொண்டுவந்து, பிராம்ப்ட் தெளிவாக வருகிறதா என்று பார்த்த பிறகே சேமிக்க வேண்டும். பூட்லோடரில் தனியாக வேகம் பதிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பதிந்திருந்தால், அடுத்த முறை நேரம் ஒதுக்கி ரீபூட் செய்யும்போது 'அன்செட் பாட்' கொடுத்து எடுத்துவிடலாம். கன்சோல் துளைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டு, வேகத்தையும் தேதியையும் எழுதிய லேபிளை ஸ்விட்சின் மேல்மூடியில் ஒட்ட வேண்டும். முன்பக்கத்தில் ஒட்டினால் கேபிள் உரசி இரண்டு மழைக்காலத்துக்குள் எழுத்து போய்விடும்.